பரவைச் சந்தையில் நான் கூவிய நாள்

என் நிக்காஹில் சம்மதத்துக்கு நான் சொன்ன ‘கபூல்’ யார் காதிலும் விழவில்லை. ஓதிவைக்க வந்த ஹஜ்ரத் குனிந்து என் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவந்து, “தம்பி, சாட்சிக்காரங்களுக்குக் கேக்கணும். சத்தமாச் சொல்லுங்க” என்றார். மறுபடியும் சொன்னேன். மறுபடியும் கேட்கவில்லை. பந்தல் முழுக்க என்னையே பார்த்தது. தலையில் கட்டியிருந்த பூச்சரம் முகத்தை மறைத்திருந்தது ஒன்றுதான் எனக்கு இருந்த ஆறுதல். மூன்றாவது தடவை என்ன சொன்னேனோ, எப்படிச் சொன்னேனோ, “ஆச்சு, ஆச்சு” என்று ஹஜ்ரத்தே முடித்து வைத்தார்.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒருவர், இருவர் என்றால் பேசிவிடுவேன். நாலு பேர் கூடிவிட்டால் தொண்டையை யாரோ உள்ளிருந்து இறுக்கிப் பிடிப்பதுபோல் இருக்கும். காது சூடாகும். அதனால் மதுரையில் பெரிய கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் என் மாமா வைத்திருந்த பித்தளைப் பாத்திரக் கடையில் பின்கட்டு வேலை எனக்குத் தோதாக அமைந்தது. குடம், தவலை, குத்துவிளக்கு எல்லாவற்றையும் வைக்கோல் சுற்றிக் கட்டிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். வாடிக்கைக்காரர்களில் சிலர் என்னை ஊமை என்றே நினைத்துக் கையால் ஜாடை காட்டினார்கள். நானும் ஜாடையிலேயே பதில் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

நிக்காஹ் ஆன மறுவருடம் மாமா கடையை விற்றுவிட்டுப் பினாங்குக்குக் கப்பலேறினார். எனக்கு வேலை இல்லாமல் போயிற்று. இன்னொரு கடையில் போய் வேலை கேட்க வேண்டுமானால் வாயைத் திறக்க வேண்டும். தினமும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவேன். நாலு வீதியையும் சுற்றுவேன். எந்தக் கடைப் படியிலும் ஏறாமல் வீட்டுக்குத் திரும்புவேன். என் மனைவிக்கு அது தெரியும். கேட்கமாட்டாள். அவள் எங்கள் சந்துக்கு வெளியே போகாதவள். கோஷா வீட்டுப் பெண். ஆனால் அடுப்படி ஜன்னலில் நின்று அவள் பேசினால் சந்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும்.

அவளுடைய அண்ணன்தான் வழி காட்டினார். அவர் ஒரு டீக் கம்பெனிக்கு மாட்டு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அப்போது ஊர்ப்பக்கத்தில் டீ குடிக்கிற வழக்கம் கிடையாது. கஞ்சியும் நீராகாரமும்தான். ஜனங்களுக்குப் பழக்கிவிட வேண்டும் என்று அந்தக் கம்பெனி வண்டியில் அடுப்பும் அண்டாவும் ஏற்றி, தெருத்தெருவாக, சந்தை சந்தையாகப் போய்ச் சும்மாவே டீ ஊற்றிக் கொடுத்தது.

“டீப் போட ஒரு ஆளு வேணும் மாப்ள” என்றார் மச்சான். “அடுப்பு, அண்டா, நீ. மூணு பேரும் வாயத் தொறக்கவே வேணாம்.”

“கூப்பிடறது யாரு?”

“அதுக்குத் தனி ஆளு இருக்காரு. நாடகத்துல ராஜா வேசம் கட்டுனவரு. அவரு கூவுனா ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கவன் திரும்பிப் பாப்பான்.”

உண்மைதான். அவர் வண்டியின் முன்பலகையில் ஏறி நின்று, தகரக் குழாயை வாயில் வைத்துக் கூவினால் செல்லூரில் தறிச் சத்தமே அடங்கிப் போகும். நெசவாளர்கள் சந்துக்குள்ளிருந்து கையைத் துடைத்தபடி வெளியே வருவார்கள். நான் அண்டாவுக்குப் பின்னால் குந்தியிருப்பேன். ஆவி என்னை மறைத்துக்கொள்ளும். கை மட்டும் நீண்டு மண் கலயத்தில் டீயை ஊற்றும். இப்படியே காலம் போய்விடும் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் காலையில் மச்சான் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

“கூவுறவருக்குப் பொன்னுக்கு வீங்கி.”

“இம்புட்டுப் பெரிய ஆளுக்கா?”

“கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி உப்பிக் கெடக்கு. சம்சாரத்துச் சங்கிலியக் கழுத்துல போட்டுக்கிட்டுப் படுத்திருக்காரு. மூச்சு விட்டாலே வலிக்குதாம். நாளைக்குப் பரவைச் சந்தை.”

“அப்ப நாளைக்கு வண்டி கெடையாது.” எனக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட.

“அதெப்படி? நாளைக்குன்னு பாத்துக் கம்பெனி இன்ஸ்பெக்டர் வாராரு. கூட்டம் கூடலைன்னா இந்த வண்டிய நிறுத்திட்டு வேற ஊருக்கு அனுப்பிருவாக. நீதான் கூவணும்.”

“நீங்க கூவுங்க மச்சான்” என்றேன்.

“மாட்ட யாரு பிடிக்கிறது? அதோட இங்க பாரு.” அவர் உதட்டைத் தூக்கிக் காட்டினார். மாடு உதைத்து முன்பல் நாலும் போன வாய். “இத வச்சுக் குழாயில கூவுனா காத்துத்தான் வரும்.”

நான் முடியாது என்று சொல்வதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. “கூவுவாரு அண்ணே. நீங்க போங்க. நான் சொல்றேன்ல, கூவுவாரு.”

அவர் போனதும் அவளிடம் கோபப்பட்டேன். “யாரக் கேட்டுச் சொன்னே? என்னால ஆகாதுன்னு ஒனக்குத் தெரியாதா?”

அவள் சோற்றுப் பானையை வடித்து நிமிர்த்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். “நிக்காஹ் அன்னைக்குத் திரைக்கு அந்தப் பக்கம் நான் எப்படி ஒக்காந்திருந்தேன்னு ஒங்களுக்குத் தெரியுமா? ஹஜ்ரத் கேக்குறாரு. பதிலே காணம். திரும்பக் கேக்குறாரு. அப்பவும் காணம். மாப்பிள்ளைக்கு என்னயப் பிடிக்கல போலன்னு பக்கத்துல இருந்தவ என் காதுலயே சொன்னா. எனக்கு ஒடம்பெல்லாம் ஆடிப் போச்சு.”

அந்த இரண்டு நிமிடத்தில் இன்னொருவரும் பயந்துகொண்டிருந்தார் என்பது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

“வாங்க மேல” என்று எழுந்தாள்.

மத்தியான வெயிலில் மொட்டைமாடிக்குக் கூட்டிப் போனாள். அவள் படிக்கட்டுக் கதவுக்குப் பின்னால் மறைவாக நின்றுகொண்டாள். என்னைக் கைப்பிடிச் சுவர் ஓரமாக நிற்க வைத்தாள். தரையில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. சுவரில் ரெண்டு மூணு காக்கை.

“அதுகதான் சந்தைக்காரங்கன்னு நெனச்சுக்கங்க. கூப்பிடுங்க.”

“வாங்க...” என்றேன்.

“காக்காவுக்கே கேக்கல. பறக்கக் காணமே.”

மறுபடி, மறுபடி. அவள் விடவில்லை. வெயிலும் ஏறிக்கொண்டே இருந்தது. கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இருந்த மூச்சையெல்லாம் திரட்டி ஒரு சத்தம் போட்டேன். எனக்கே அது என் குரல் மாதிரி இல்லை. காக்கைகள் பறந்தன. கூடவே பக்கத்து வீடுகளின் மாடிக் கதவுகள் படபடவென்று திறந்தன. “யா அல்லா! யாரு வீட்டுல மவுத்து?” என்று சாவு விழுந்ததுபோல் ஒரு பெண் குரல் அலறியது. நான் அப்படியே சுவருக்குக் கீழே மிளகாய் மேல் சரிந்து உட்கார்ந்துவிட்டேன்.

“ஒண்ணுமில்லக்கா, பூன!” என்று என் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து சத்தம் கொடுத்தாள். “தொண்டையில முள்ளு மாட்டிக்கிருச்சு!”

அன்றைக்கு அதற்கு மேல் பழகவில்லை.

மறுநாள் விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வண்டியில் ஏறினேன். வைகைப் பாலத்தில் வண்டி போகும்போது கீழே பார்த்தேன். வெறும் மணல். வண்ணார்கள் ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். இறங்கி அந்த மணலிலேயே நடந்து எங்காவது போய்விடலாமா என்று நினைத்தேன். மனதுக்குள் ‘பயப்படாதே, பயப்படாதே’ என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தது அந்தப் பாலத்தில்தான். திண்டுக்கல் ரோட்டில் மாட்டுக் குளம்பு விழுவதும் அந்தச் சொல்லும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. பயப்படாதே. பயப்படாதே.

எனக்கு இருந்தது கூவுகிற பயம் மட்டுமில்லை. செல்லூரில் கேள்வி கேட்காமல் குடித்தார்கள். பரவைச் சந்தைக்கு வருகிறவர்கள் வெள்ளாமை செய்கிற சுற்றுப்பட்டுச் சம்சாரிகள். ‘நீ என்ன ஆளு?’ என்று கேட்பார்கள் என்று கூவுகிறவர் முன்பே சொல்லியிருந்தார். அந்தக் கேள்வி வந்தால் சமாளிக்கிறவர் அவர்தான். இன்றைக்கு அவரும் இல்லை.

சந்தை கூடிவிட்டிருந்தது. கத்தரிக்காய்க் குவியல், வெங்காயக் குவியல், கோழிக் கூடை, ஒரு பக்கம் மாடு கன்று. இத்தனை ஜனத்தை அண்டாவின் ஆவி வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். புளியமரத்தடியில் சைக்கிளைச் சாத்திவிட்டு, கோட்டும் தொப்பியுமாக ஒருவர் நின்றிருந்தார். “அவருதான்” என்று மச்சான் கண்ணைக் காட்டினார்.

அடுப்பை மூட்டினேன். தண்ணீர் கொதித்தது. தூளைப் போட்டேன். இன்னும் செய்வதற்கு ஏதாவது இருக்காதா என்று தேடினேன். ஒன்றுமில்லை. மச்சான் தகரக் குழாயை என் கையில் கொடுத்தார். அதன் வாயில் அந்த ராஜா வேஷக்காரரின் வெற்றிலை வாடை இன்னும் இருந்தது.

முன்பலகையில் ஏறி நின்றேன். கண்ணுக்கு முன்னால் முண்டாசுகளாக, கூடைகளாக ஏதோ அசைந்தது. ‘வாங்க வாங்க, சூடான டீ, காசில்லாத டீ, களைப்பு தீர்க்கும் டீ’ என்று சொல்ல வேண்டும். வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். குழாயை வாயில் வைத்தேன். மனப்பாடம் செய்தது ஒன்றுகூட நினைவில் இல்லை. உள்ளே ஓடிக்கொண்டிருந்த அந்த ஒரே சொல்தான் இருந்தது. அதுதான் வந்தது.

“பயப்படாதீங்க! யாரும் பயப்படாதீங்க!”

தகரக் குழாயில் அது சந்தையின் அந்தக் கோடிக்குப் போயிற்று.

ஒரு கணம் எல்லாம் நின்றது. தராசைப் பிடித்த கை அப்படியே நின்றது. பிறகு எங்கிருந்தோ ஒரு பெண், “ஆத்தாடி! என்னடி ஆச்சு?” என்று கத்தினாள்.

“வெறிமாடு!” என்றது ஒரு குரல்.

“போலீசு வருதுடா!”

“ஆத்துல வெள்ளமாம்! ஓடுங்க!”

நான் பார்த்துவிட்டு வந்த ஆற்றில் காலை நனைக்கத் தண்ணீர் கிடையாது. ஆனாலும் சந்தை எழுந்துவிட்டது. பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வாரிக்கொண்டு ஓடினார்கள். கோழிக் கூடை கவிழ்ந்தது. இரண்டு கன்றுகள் முளையைப் பிடுங்கிக்கொண்டு வெங்காயக் குவியலின் நடுவே பாய்ந்தன. எங்கள் மாடுகளும் மிரண்டு நுகத்தை உதறின. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் உள்ளே விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்து பார்த்தால் அண்டா சாய்ந்து வருகிறது. நிறையக் கொதிக்கிற டீ. வண்டிக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் முண்டியடிக்கிறார்கள். ஒரு பெண் குழந்தையோடு சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறாள்.

அந்த நேரத்தில் வந்த பயத்துக்கு முன்னால் அதுவரை நான் பட்டதெல்லாம் விளையாட்டு. தலைத்துண்டைப் பிடுங்கிக் கையில் சுற்ற முயன்றேன். பாதிதான் சுற்ற முடிந்தது. அண்டாவின் வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து உடம்பைப் பின்னால் சாய்த்தேன். தோல் பொசுங்குவது தெரிந்தது. விடவில்லை.

“ஒண்ணுமில்ல! நில்லுங்க! டீ! வெறும் டீத்தண்ணிதான்! ஓடாதீங்க!”

குழாய் எங்கோ கீழே கிடந்தது. ஆனால் சத்தம் போட்டது நான்தான். மச்சான் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தொங்கி நிறுத்தினார். வண்டி நிமிர்ந்தது. அண்டாவும் நிமிர்ந்தது. குழந்தையோடு நின்றவள் என்னை அண்ணாந்து பார்த்து, “என்னத்த தண்ணி?” என்றாள்.

ஓடியவர்கள் திரும்பி வர ஆரம்பித்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் முன்னால் வந்தார். பெரிய மீசை. கையில் சாட்டைக் கம்பு. ஓடிய கன்றுகள் அவருடையவை.

“எறங்கு கீழ.”

இறங்கினேன். சுற்றி ஆள். மூச்சுவிட இடமில்லை. இன்றைக்கு அடி விழுவது நிச்சயம் என்று தெரிந்துவிட்டது.

“யார்றா நீ? எதுக்குடா எங்களப் பயப்படாதீங்கன்ன?”

“எனக்குத்தாங்க பயம்.”

“என்னது?”

“கூவுறதுக்குப் பயம். காலையில இருந்து எனக்கு நானே சொல்லிக்கிட்டு வந்தேன், பயப்படாதேன்னு. குழாய வாயில வச்சதும் அதுவே வந்திருச்சுங்க.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பின்னாலிருந்து யாரோ ‘க்ளுக்’ என்றார்கள். அப்புறம் இன்னொருவர். மீசைக்காரர் சிரிக்கவில்லை.

“எந்த ஊரு?”

“மருத.”

“என்ன ஆளு?”

கேள்வி வந்துவிட்டது. பொய் சொல்லலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. “ராவுத்தருங்க” என்றேன்.

“அட!” என்று கம்பைத் தரையில் ஊன்றினார். “நம்ம மாப்ளயா! இத மொதல்லயே சொல்லக் கூடாதா? எங்க ஊருல ராவுத்தர் வீட்டுக்கும் எங்களுக்கும் மாமன் மச்சான் மொறதானப்பா.” கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். “சந்தையவே ஓட வச்ச தண்ணி. அப்படி என்னதான் ருசின்னு பாப்பம். ஊத்து மாப்ள.”

எல்லோரும் அவர் மாதிரி இல்லை. சிலர் தங்கள் செம்பையே நீட்டி, தொடாமல் உயரத்திலிருந்து ஊற்றச் சொன்னார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். இதைக் குடித்தால் ரத்தம் சுண்டிவிடும் என்று ஒருவர் மற்றவர்களை இழுத்துக்கொண்டு போனார். குடித்தவர்களில் பாதிப் பேர் முகத்தைச் சுளித்தார்கள். மீசைக்காரர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, “கசாயம்” என்றார். ஆனால் மிச்சம் வைக்கவில்லை.

வெங்காயக்காரம்மா மட்டும் சிரிக்கவே இல்லை. வந்து என் சட்டையைப் பிடித்தாள். “ஒன் பயத்துக்கு என் வெங்காயந்தானாடா கெடச்சது, எடுபட்ட பயலே? அம்புட்டும் சேறாகிப் போச்சே!” நான் போய்க் குந்தி, சிதறிக் கிடந்ததைப் பொறுக்கினேன். வெந்த விரல் மடங்கவில்லை. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து அள்ளி அள்ளிப் போட்டேன். அவள் என் தலைக்கு மேல் நின்று வைதுகொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் என் கையைப் பார்த்தாள் போலும். “சரி, போதும், போ” என்றாள். டீ வேண்டுமா என்று கேட்டேன். “கெட்டது பத்தாதா?” என்றாள்.

அப்போது தொப்பிக்காரர் வந்தார். வண்டியைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“கூட்டம் நல்லாத்தான் சேந்திருக்கு. ஆனா அடுத்த தடவ அந்த வார்த்த வேணாம்” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மச்சான் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் நடித்துக் காட்டினார். என் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்காமல் கண்ணைத் துடைத்தவள், என் கையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். தேங்காயெண்ணெய் எடுத்து வந்து தடவினாள். “அடுத்த வாரம் நான் போகல” என்றேன். “எண்ணெய் ஊறட்டும், கைய ஆட்டாதீங்க” என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரமும் ராஜா வேஷக்காரருக்கு வீக்கம் வற்றவில்லை. அதனால் போக வேண்டியதாயிற்று. முதல் தடவையைவிட இரண்டாம் தடவைதான் அதிகம் பயந்தேன். முதல் தடவை என்ன நடக்கும் என்று தெரியாது. இப்போது தெரியும். வண்டி சந்தைக்குள் நுழையும்போதே ஜவுளிக்காரர் ஒருவர், “பயப்படாதீங்கண்ணே வந்துட்டாரு!” என்று குரல் கொடுத்தார். சுற்றிலும் சிரிப்பு. கன்றுக்காரர்கள் முளையை இன்னொரு அடி அடித்து இறுக்கினார்கள். பலகையில் ஏறி நின்றேன். என் கால் ஆடிய ஆட்டத்தில் பலகை கடகடவென்றது. இந்தத் தடவை சரியான வார்த்தையைக் கூவினேன். ‘களைப்பு’ என்கிற இடத்தில் குரல் உடைந்து கீச்சென்று போயிற்று. நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். மற்றவர்கள் கத்தரிக்காய் பேரத்தை நிறுத்தவே இல்லை. அவர்களில் பெரும்பாலோர் என்னைக் கவனிக்கவே இல்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பொன்னுக்கு வீங்கி வற்றியதும் கம்பெனி அவரை வேறு வண்டிக்கு மாற்றியது. எங்கள் வண்டிக்கு நான்தான் கூவினேன். யுத்தம் வந்து வண்டியை நிறுத்துகிற வரைக்கும் அந்த வேலை நிலைத்தது. மீசைக்காரர் சந்தைக்கு வந்தால் முதல் கலயம் அவருக்கு. வெங்காயக்காரம்மா கடைசிவரை ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. ஆனால் எங்கள் வண்டி நிற்கிற இடத்தில் வேறு வண்டி வந்து நின்றால் அவளே விரட்டுவாள்.

பழகப் பழகப் பயம் போய்விடும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குப் போகவில்லை. சந்தை நாள் காலையில் விளாங்குடி தாண்டியதும் ஒரு வேப்பமரம் வரும். மச்சான் நான் சொல்லாமலே அங்கே மாட்டை நிறுத்துவார். இறங்கி மரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுப்பேன். அவர் அந்தப் பக்கம் திரும்பி மாட்டைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு நிற்பார். செம்பில் தண்ணீர் வைத்திருப்பார். வாய் கொப்பளித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு ஏறி உட்காருவேன்.

“போலாமா மாப்ள?” என்பார்.

“ம்” என்பேன். வண்டி பரவைக்குப் போகும்.